மரியின்ஸ்கி அரங்கில் ‘லா பயாதேர்’: 32 நிழல்களுக்காக ஒரு மாலை

ரஷ்யச் செவ்வியல் பாலேயை அது வளர்ந்த மண்ணிலேயே ஒரே ஒரு மாலை பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்களில் பெரும்பாலோர் ‘ஸ்வான் லேக்’ நிகழ்ச்சிக்கே சீட்டு வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மரியின்ஸ்கி அரங்கில் ‘லா பயாதேர்’ மேடையேறும் நாள் உங்கள் பயணத்துக்குள் வருமானால், மற்ற எதையும் ஒதுக்கிவிட்டு அதைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வேன். பேரரசர்களின் கருவூலம் வளர்த்த ஆடம்பரம், பிரான்சிலிருந்து வந்து அறுபதாண்டுக்கும் மேலாக ரஷ்யாவிலேயே வாழ்ந்து மறைந்த ஓர் ஆசானின் கற்பனை, சோவியத் காலத்தின் வெட்டும் ஒட்டும், ஒரே பள்ளியில் பயின்றவர்களின் உடல் ஒழுங்கு ஆகிய எல்லாம் இந்த ஒரு படைப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அதோடு, இது இந்தியக் கோயில் நடனப் பெண் ஒருத்தியின் கதை என்பதால், தமிழ்ப் பார்வையாளர் இதைப் பார்க்கும் விதம் வேறு எவருடையதைப் போலவும் இருக்க முடியாது.

முதலில் அரங்கம். ஆல்பெர்த்தோ காவோஸ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இது 1860-இல் திறக்கப்பட்டது. பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் மனைவி மரியா அலெக்சாந்த்ரோவ்னாவின் பெயரைத் தாங்கியது. சோவியத் ஆட்சியில் 1935 முதல் கீரோவ் அரங்கம் என்று அழைக்கப்பட்டு, 1992-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. பழைய தலைமுறை ரசிகர்கள் இன்றும் ‘கீரோவ் பாலே’ என்று சொல்வது இதைத்தான். உள்ளே நுழைந்ததும் கண்ணை நிறைப்பது நீலமும் பொன்னும். மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கத்தின் சிவப்பும் பொன்னும் ஒருவரை அதிரவைக்கும் என்றால், இந்த நீலம் அமைதிப்படுத்துகிறது. லாட வடிவில் வளைந்து உயரும் மாடங்களின் நடுவே, மேடைக்கு நேர் எதிரே, பேரரசர் குடும்பத்துக்கென்று கட்டிய மாடம் இருக்கிறது. அலெக்சாந்தர் கோலோவின் 1914-இல் வரைந்த வடிவில் அமைந்த முன்திரை மூடியிருக்கும்போதே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கத் தக்கது. சற்று முன்னதாகவே போய் உட்காருவது நல்லது.

‘லா பயாதேர்’ முதன்முதலில் அரங்கேறியது இந்தக் கட்டடத்தில் அன்று. 1877-இல் அது மேடையேறியது இதே நகரின் போல்ஷோய் காமென்னி என்ற பெரிய கல் அரங்கத்தில். பாதுகாப்பற்றது என்று அந்த அரங்கம் கைவிடப்பட்டு, 1886-இல் பாலே முழுவதும் மரியின்ஸ்கிக்கு இடம் மாறியது. பழைய அரங்கம் நின்ற இடத்தில் இப்போது இசைக் கல்லூரி இருக்கிறது. மரியின்ஸ்கியின் வாயிலில் நின்றால் சதுக்கத்துக்கு அப்பால் தெரியும் கட்டடம் அதுதான். இடைவேளையில் சன்னல் பக்கம் போனால் அதைப் பாருங்கள்.

சீட்டு வாங்குவது குறித்துச் சில வார்த்தைகள். அரங்கத்தின் சொந்த இணையதளத்திலோ அரங்கச் சீட்டு நிலையத்திலோ மட்டும் வாங்குங்கள். இடைத்தரகு இணையதளங்கள் பல ஒரே இருக்கைக்குப் பன்மடங்கு விலை சொல்கின்றன. 2022 மார்ச் முதல் வெளிநாட்டு வங்கிகள் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லுபடியாவதில்லை. எனவே கையில் ரூபிள் வைத்துக்கொள்வதையோ, அங்கிருக்கும் நண்பர் மூலம் வாங்குவதையோ முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இருக்கையைத் தேர்வதில் என் கருத்து பொதுவான கருத்துக்கு நேர் எதிரானது. தரைத்தளத்தின் முன் வரிசைகள் விலை மிக்கவை. முகபாவமும் காலணியின் ஒலியும் நெருக்கத்தில் கிடைக்கும். ஆனால் இந்த பாலேயின் உயிர் அதன் மூன்றாம் அங்கத்தில் பலர் சேர்ந்து வரையும் கோடுகளில் இருக்கிறது. கோடுகளை மேலிருந்து பார்த்தால்தான் புரியும். இரண்டாம் அல்லது மூன்றாம் மாடத்தின் நடுப்பகுதி எனக்கு மிக உகந்ததாகப் பட்டது. விலையும் பல மடங்கு குறைவு. லாட வடிவ அரங்கங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை இங்கும் உண்டு: பக்கவாட்டு மாடங்களின் பின்னிருக்கைகளிலிருந்து மேடையின் ஒரு பகுதி மறையும். நடுப்பகுதி கிடைக்காவிட்டால் வேறொரு நாளைத் தேடுவதே மேல். மேலங்கிகளை ஒப்படைக்கும் இடத்திலேயே சிறு தொலைநோக்கிக் கண்ணாடி வாடகைக்குக் கிடைக்கும். மேல் மாடத்தில் உட்காருபவர்கள் அதைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கலை ரஷ்யாவில் எப்படி வேரூன்றியது என்பதை ஓரளவு தெரிந்துகொண்டு போனால் மேடையில் நடப்பது இரு மடங்கு விளங்கும். 1738-இல் ழான் பாப்தீஸ்த் லாந்தே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியரின் வேண்டுகோளை ஏற்றுப் பேரரசி ஆன்னா இவானோவ்னா குளிர்கால அரண்மனையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் மாணவர்கள் அரண்மனைப் பணியாளர்களின் பிள்ளைகள்: பன்னிரண்டு சிறுமியர், பன்னிரண்டு சிறுவர். அந்தப் பள்ளி ஒருநாளும் முற்றாக அறுந்துபோகாமல் தொடர்ந்து வந்து, இன்று வாகனோவா கலைக்கழகம் என்ற பெயரில் ரோஸ்ஸி தெருவில் இயங்குகிறது. 220 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் கொண்ட அத்தெருவின் கட்டடங்களும் 22 மீட்டர் உயரமே. அளவும் சமச்சீரும் அந்தத் தெருவிலேயே கண்ணுக்குப் பழகிவிடும். பகலில் ஒரு நடை அங்கே போய்விட்டு மாலையில் அரங்கத்துக்கு வருவது பொருத்தமாக இருக்கும்.

பேரரசின் அரங்கங்கள் அரசவை அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பில் இருந்தன. நடனக் கலைஞர்கள் அரசு ஊழியர்களாக ஊதியம் பெற்றார்கள். பணிக்காலம் முடிந்தபின் ஓய்வூதியமும் உண்டு. பாரிசிலும் மிலானிலும் பாலே சந்தையின் விருப்பத்துக்குத் தள்ளாடிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரிய குழுவையும் நீண்ட ஒத்திகைகளையும் தாங்கக்கூடிய இடமாகப் பீட்டர்ஸ்பர்க் இருந்ததற்கு இதுவே காரணம். மார்செய் நகரில் 1818-இல் பிறந்த மாரியுஸ் பெத்திபா 1847-இல் இங்கே நடனக் கலைஞராக வந்து சேர்ந்தார். பிறகு தலைமை பாலே ஆசானாகி, ‘உறங்கும் அழகி’ (1890), ‘ரெய்மோண்டா’ (1898) ஆகியவற்றையும், லெவ் இவானோவுடன் இணைந்து 1895-இன் ‘ஸ்வான் லேக்’ வடிவத்தையும் உருவாக்கினார். இத்தாலியிலிருந்து வந்த பியெரீனா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 முறை சுழன்று காட்டியது அந்த ‘ஸ்வான் லேக்’ மேடையில் நிலைபெற்றது. இன்றும் அந்த எண்ணிக்கையைக் கைவிரலில் எண்ணும் ரசிகர்கள் உண்டு. பிரெஞ்சு நயம், இத்தாலிய வலிமை, ரஷ்யர்களின் நெஞ்சு நிறைந்த அசைவு ஆகிய மூன்றும் இந்த அரங்கத்தில்தான் ஒன்றாகின. ‘லா பயாதேர்’ அந்த இணைவின் ஆரம்பக் கட்டத்தைச் சேர்ந்தது.

கதை எளிது. கோயில் நடனப் பெண் நிகியாவும் போர்வீரன் சோலோரும் புனிதத் தீயின் முன் காதலுக்குச் சத்தியம் செய்கிறார்கள். தலைமைப் பிராமணன் நிகியாவை விரும்புகிறான். அரசனோ தன் மகள் கம்சாத்தியைச் சோலோருக்கு மணமுடிக்க முடிவு செய்கிறான். நிச்சய விழாவில் ஆட நிகியா அழைக்கப்படுகிறாள். அவளுக்குத் தரப்படும் பூக்கூடைக்குள் பாம்பு ஒளிந்திருக்கிறது. மாற்று மருந்தைப் பிராமணன் நீட்டும்போது, சோலோர் வேறொருத்தியின் அருகில் நிற்பதைக் கண்டு, அதை வாங்காமல் இறக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் சோலோர் அபினி மயக்கத்தில் நிழல்களின், அதாவது இறந்தவர்களின் ஆவிகளின், உலகத்தைக் காண்கிறான்.

இந்தியாவைப் பார்த்தே அறியாதவர்களின் இந்தியா இது. அதை மன்னித்துவிட வேண்டும் என்றோ வெறுத்து ஒதுக்க வேண்டும் என்றோ நான் சொல்ல வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அறிந்து பார்க்க வேண்டும் என்கிறேன். 1838-இல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகள், மூன்று இசைக் கலைஞர்களோடு, ஒரு பிரெஞ்சு ஏற்பாட்டாளரின் ஒப்பந்தத்தில் பாரிசுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணின் ஆட்டம் கவிஞர் தியோஃபீல் கோத்தியேவை ஆழமாகப் பாதித்தது; ழான் ஒகுஸ்த் பார் அவளுக்குச் சிலையும் வடித்தார். கோத்தியே பின்னர் ‘சகுந்தலா’ என்ற பாலேக்குக் கதை எழுத, 1858-இல் பாரிசில் அதற்கு நடனம் அமைத்தவர் லூசியன் பெத்திபா, அதாவது மாரியுஸின் அண்ணன். பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தம்பி இங்கே ‘லா பயாதேர்’ அமைக்கிறார். திருவந்திபுரத்துப் பெண்கள் உண்மையில் ஆடியது என்னவோ, அதன் ஓர் அடவுகூட நிகியாவின் அசைவில் கிடையாது. அவர்கள் ஐரோப்பாவில் கிளப்பிவிட்ட வியப்பு மட்டும், பல கைகள் மாறி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிகியா முதல்முறை முக்காட்டோடு கோயில் படியிறங்கி வரும் காட்சியைப் பார்த்தால், மேடையில் இல்லாத இன்னொரு பெண்ணையும் சேர்த்தே பார்ப்பார்.

இதன் மறுபாதையும் உண்டு. 1902-இல் இதே அரங்கில் நிகியாவாக ஆடி உயரத் தொடங்கியவர் ஆன்னா பாவ்லோவா. அவருடன் 1920-களின் இறுதியில் ஏற்பட்ட நட்பே ருக்மிணி தேவியை முதலில் பாலே கற்கவும், பிறகு தம் நாட்டு நடனத்தைத் தேடவும் தூண்டியது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார். தேவதாசிகளிடமிருந்து அந்த நடனம் எப்படி, யார் கைக்குப் போனது என்ற வரலாற்று வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் பீட்டர்ஸ்பர்க்கின் இந்தக் கற்பனைக் கோயிலுக்கும் ஓர் ஓரத்தில் இடம் இருக்கிறது.

முதல் இரண்டு அங்கங்கள் காட்சி விருந்து. வேட்டையாடிய புலி தூக்கி வரப்படுகிறது. நிச்சய விழா ஊர்வலத்தில் சக்கரத்தில் யானை நகர்ந்து வருகிறது. கைகளில் கிளிகளோடு ஆடுகிறார்கள். முரசு நடனம் ஒன்று அரங்கத்தையே அதிரவைக்கிறது. உடல் முழுதும் பொன் பூசிய சிலையாக ஓர் ஆண் கலைஞர் பாய்ந்து ஆடும் துண்டு நடனம் கைத்தட்டலை அள்ளுகிறது. இது பெத்திபா அமைத்ததன்று; 1948-இல் நிக்கோலாய் சுப்கோவ்ஸ்கி சேர்த்தது. பழமை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு புதியது கலந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. இன்று வழக்கமாக மேடையேறும் வடிவமே விளாதிமிர் பொனொமரியோவும் வாக்தாங் சாபுக்கியானியும் 1941-இல் திருத்தி அமைத்ததுதான்.

இந்த அங்கங்களில் என்னை மிகவும் ஈர்த்தது ஆடம்பரம் அன்று. நிகியாவும் கம்சாத்தியும் தனியே சந்திக்கும் காட்சி. அதில் நடனமே கிடையாது என்று சொல்லலாம், முழுதும் சைகை. முகத்தைச் சுற்றிக் கை வளைந்தால் அழகு, நெஞ்சில் கை பதிந்தால் காதல், விரல் வானை நோக்கி உயர்ந்தால் சத்தியம். அபிநயத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்த மொழி விரைவில் பிடிபடும். கம்சாத்தி நகையைக் கழற்றிக் கொடுத்து அவளை விலகச் சொல்வதும், நிகியா அதை எறிந்துவிட்டுக் கத்தியை ஓங்குவதும், உடனே தன் கையைப் பார்த்துத் தானே அஞ்சி ஓடுவதும் ஒரு சொல்லும் இல்லாமல் தெளிவாகிவிடுகின்றன. நான் பார்த்த மாலையில் நிகியாவாக ஆடியவர் அந்தக் கத்தியைக் கண்ட நொடியில் தோள்களை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். கோபத்தைவிட அந்தச் சிறு அசைவு அதிகம் சொன்னது. பின்னர் விழாவில் செல்லோ இசைக்கு ஏற்ப அவர் நீண்டு வளைந்து ஆடிய துயர நடனத்துக்கு அந்தத் தோள்களே முன்னுரை.

இனி மூன்றாம் அங்கம். திரை உயரும்போது மேடை ஏறக்குறைய இருட்டு. பின்புறத்தில் மலைச்சரிவு போல ஒரு சாய்தளம். அதன் உச்சியில் வெள்ளை உடையில் ஒரு பெண் தோன்றுகிறாள். ஒரு காலை மடித்து ஊன்றி, மறுகாலைப் பின்னால் நீட்டி, கையை முன்னே தொலைவு நோக்கி நீட்டுகிறாள். இது அரபெஸ்க் எனப்படும் நிலை. அதிலிருந்து எழுந்து, கைகளைத் தலைக்கு மேல் வட்டமாக்கிச் சற்றுப் பின்னால் சாய்கிறாள். இரண்டு அடி முன்னே வைக்கிறாள். மறுபடி அரபெஸ்க். அவளுக்குப் பின்னால் இப்போது இரண்டாமவள். அதே நிலை, அதே சாய்வு, அதே அடி. பிறகு மூன்றாமவள். இப்படியே 32 பேர். முதலில் வந்தவள் அந்த அரபெஸ்கை முப்பதுக்கும் மேற்பட்ட முறை செய்தாக வேண்டும், அதுவும் சாய்தளத்தில், மெதுவாக, ஒருமுறைகூட விரைவால் தடுமாற்றத்தை மறைக்க இடமில்லாமல். கோடு சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, மேடையை நிறைத்து, நான்கு நான்காக வரிசை கொள்ளும்போது, கடைசிப் பெண் இறங்கி நிற்கும் வரை அரங்கத்தில் இருமல் ஒலிகூட எழவில்லை.

பெத்திபா இதற்கு, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரே இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில் வரும் ‘சொர்க்கம்’ பகுதிக்கு வரைந்த ஓவியங்களிலிருந்து தூண்டுதல் பெற்றார் என்பது வரலாறு. 1877-இல் ஒளி நிறைந்த வானக் கோட்டையாக இருந்த இக்காட்சியை 1900-இல் அவரே இமயத்தின் இருண்ட பாறைச் சரிவுக்கு மாற்றி, நிழல்களின் எண்ணிக்கையை 48 ஆக்கினார். இன்று பல அரங்கங்களில் 24 பேரே இறங்குகிறார்கள். எண்ணிக்கை வெறும் ஆடம்பரம் அன்று. அதே அசைவு மீண்டும் மீண்டும் வந்து, இது முடியவே முடியாதோ என்ற எண்ணம் பார்ப்பவருக்குள் எழும் எல்லை ஒன்று உண்டு. 24 பேரில் அதன் வாசல் வரை போகிறோம், 32 பேரில்தான் உள்ளே நுழைகிறோம். சோலோர் இழந்தது ஒருத்தியை. அவன் கண்ணுக்குத் தெரிவதோ எங்கு திரும்பினாலும் அவளே. குற்றவுணர்வின் இந்த வடிவத்தை வேறெந்தக் கலையும் இவ்வளவு எளிய வழியில் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த ஒழுங்கு ஒத்திகையால் மட்டும் வருவதன்று. இந்த 32 பேரில் பெரும்பாலோர் பத்து வயதளவில் ரோஸ்ஸி தெருப் பள்ளியில் சேர்ந்து, ஒரே முறையில் எட்டாண்டுகளுக்குக் குறையாமல் பயின்றவர்கள். அந்த முறையை வகுத்தவர் அக்ரிப்பீனா வாகனோவா (1879–1951). பேரரசின் மேடையில் ஆடி ஓய்ந்த பின் ஆசிரியரான அவர், 1934-இல் வெளியிட்ட நூலில் தம் பாடத்தை ஒழுங்குபடுத்தினார். கால் செய்வதைக் கால் மட்டும் செய்யக் கூடாது. முதுகும் கழுத்தும் கையும் பார்வையும் அதே மூச்சில் அதில் சேர வேண்டும் என்பது அதன் சாரம். மேல் மாடத்திலிருந்து பார்க்கும்போது, 32 காலணிகள் ஒரே உயரத்தில் இருப்பதைவிட, 32 தலைகள் ஒரே கோணத்தில் சாய்ந்திருப்பதே அதிக வியப்பைத் தருகிறது. உயரமும் உடல்வாகும் வேறுபடும்; கழுத்தின் பாடம் ஒன்று.

பள்ளிக்குப் பிறகும் கற்பித்தல் முடிவதில்லை. ஒவ்வொரு முதன்மைக் கலைஞருக்கும் முன்னாள் கலைஞர் ஒருவர் ஆசானாக உடனிருப்பது இந்த அரங்கின் வழக்கம். வாகனோவாவிடம் நேரே பயின்ற நினெல் குர்காப்கினா, பல ஆண்டுகளுக்குப் பின் உலியானா லொபாத்கினாவுக்குப் பாத்திரங்களைக் கற்பித்தார். அதே குர்காப்கினாதான், 1961-இல் பாரிசில் அடைக்கலம் கேட்டு இந்தக் குழுவிலிருந்து பிரிந்துபோன ருடோல்ஃப் நுரேயெவ் 1992-இல் அங்கே ‘லா பயாதேர்’ முழுவதையும் மேடையேற்றியபோது, உதவிக்குச் சென்றவர். அந்த அரங்கேற்றம் நடந்து மூன்று மாதங்களில் நுரேயெவ் இறந்தார். நம் குருகுல மரபை அறிந்தவர்களுக்கு இந்தத் தொடர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. விளாதிமிர் ஸ்தெபானோவ் வகுத்த குறியீட்டு முறையில் பழைய பாலேக்கள் எழுதி வைக்கப்பட்டதும் உண்மை. அந்த ஏடுகள் புரட்சிக்குப் பின் வெளிநாடு போய், இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டு செர்கேய் விஹாரெவ் 2002-இல் இதே அரங்கில் 1900-ஆம் ஆண்டு வடிவத்தை மீட்டெடுத்தார். ஏடு அடவைச் சொல்லும். அடவுக்கு முன் மூச்சை எங்கே எடுப்பது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

லுட்விக் மின்குஸ் இந்த பாலேக்கு அமைத்த இசை எளிமையானது, சாய்கோவ்ஸ்கியின் ஆழம் அதில் இல்லை. ஆனால் நடனத்துக்கு வழிவிடும் அடக்கம் உண்டு.

எனக்கு இரண்டு மனக்குறைகள். ஒன்று, 1941 வடிவம் நிழல்களோடு முடிந்துவிடுகிறது. சோலோருக்கும் கம்சாத்திக்கும் திருமணம் நடக்கும் வேளையில் கோயில் இடிந்து அனைவரும் மாளும் கடைசி அங்கம் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் கைவிடப்பட்டது. நிழல்களுக்குப் பிறகு வேறெதையும் பார்க்க மனம் இடந்தராது என்பது உண்மைதான். ஆனாலும் துரோகத்துக்கு விடை கிடைக்காமல் கதை நின்றுவிடுகிறது. மற்றொன்று, குழந்தைகளுக்குக் கருமை பூசி ஆடவைக்கும் பழைய வழக்கம். 2019-இல் அமெரிக்கக் கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் போல்ஷோயின் ‘லா பயாதேர்’ குறித்து இக்கேள்வியை எழுப்பியபோது, மரபு என்று சொல்லி அந்த அரங்கம் மாற்றத்தை மறுத்தது. பொற்சிலையைச் சேர்க்கவும் ஓர் அங்கத்தையே நீக்கவும் முடிந்த மரபு, இதையும் எளிதாக விட்டுவிடலாம். அதனால் பாலேக்கு ஓர் இழப்பும் நேராது.

அரங்க நடைமுறைகள் சில. மூன்றாவது மணி ஒலிப்பதற்குள் இருக்கையில் இருக்க வேண்டும். வரிசைக்குள் பிறரைக் கடந்து போகும்போது அவர்களுக்கு முகம் காட்டியபடியே நகர்வது ரஷ்ய வழக்கம். முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு. தனி நடனம் முடிந்ததும் கலைஞர் முன்வந்து வணங்குவதும் அரங்கம் கைதட்டுவதும் காட்சிக்கு நடுவிலேயே நடக்கும். கதை அறுபடுகிறதே என்று வருந்த வேண்டாம், இங்கே அது நிகழ்ச்சியின் பகுதி. மலர்க்கொத்து கொடுக்க விரும்பினால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாங்குங்கள். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. கொத்தை அரங்கப் பணியாளரிடம் ஒப்படைத்தால் இறுதி வணக்கத்தின்போது மேடைக்குப் போய்ச் சேரும்.

இடைவேளைகளோடு சேர்த்து நிகழ்ச்சி மூன்று மணி நேரத்தைத் தாண்டும். மெட்ரோ நிலையம் அருகில் இல்லை. சென்னாயா சதுக்க நிலையத்திலிருந்து நல்ல நடை உண்டு, குளிர்காலத்தில் அதற்கேற்ற காலணி தேவை. சீட்டு வாங்கும்போது கட்டடத்தின் பெயரைக் கவனியுங்கள்: 2013-இல் கால்வாய்க்கு மறுபுறம் திறக்கப்பட்ட இரண்டாம் மேடையிலும் பாலே நடக்கிறது. அங்கே எல்லா இருக்கைகளிலிருந்தும் மேடை நன்றாகத் தெரியும், வசதிகளும் கூடுதல். எனினும் முதல்முறை பார்ப்பவர்கள் 1860-இன் பழைய கட்டடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் நாட்களில் ‘லா பயாதேர்’ அங்கே இல்லையென்றால் ‘உறங்கும் அழகி’யைப் பாருங்கள், அப்போது மட்டும் தரைத்தளத்துக்கு அருகில் உட்காரலாம்.